ஒன்பதில் ஒரு பங்கு

பால் சொசைட்டி வாசலில் கேன் வரிசை ஒரு அடி நகர்ந்தது. மேகலா இடுப்பிலிருந்த குழந்தையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, தன் கேனைக் காலாலேயே முன்னுக்குத் தள்ளினாள். பாலைக் காலால் தள்ளக்கூடாதுதான். தெரியும். நேற்று இதே இடத்தில் இத்தனை பேர் முன்னால் அவள் பேரைக் காலால் தள்ளினார்களே, அதற்கு யார் என்ன சொன்னார்கள்? "அந்தப் புள்ள அப்படிச் செய்யாதுங்க" என்று ஒரே ஒரு வாய் திறந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கோபம் இத்தனை இருக்காது. எல்லாரும் அவரவர் கேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், உள்ளே சினிமா ஓடுகிற மாதிரி. செயலாளர் சம்பத்து மட்டும் போனைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, நிதானமாக, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில் சொன்னார்: "சில்லிங் சென்டர்ல இருந்து ரிசல்ட்டு வந்துருச்சு அம்முணி. உன்ற பாலுலதான் தண்ணி." உன்ற பாலுலதான். அந்தத் 'தான்' இருக்கிறதே, அது ராத்திரி முழுக்க அவள் காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது. அப்போதுதான் அவள் வாயிலிருந்து அது வந்துவிட்டது. யோசித்து வந்ததில்லை. கொதிக்கிற பாத்திரத்தின் மூடி எகிறுகிற மாதிரி வந்தது: "நாளைக்கு என்ற புள்ளையத் தூக்கிட்டு வர்றனுங்க. அவ தலையில கைய வெச்சு, எல்லாரு முன்னாலயும், ஒரு சொட்டுத் தண்ணி நான் ஊத்தலீன்னு சத்தியம் பண்றேன். அப்பறம் என்ன சொல்லுவீங்க?" சம்பத்து கண்ணாடியை மேலே தள்ளினார். "அப்பறம் நான் என்ன சொல்றது? மெஷினுதான் தப்புன்னு எழுதிப் போட்டர்றேன். ஆனா சத்தியம் பண்ணலீன்னா சொசைட்டிக் கார்டக் குடுத்துட்டுப் போயிரோணும், என்ன?" "பண்ணுவேன்" என்றாள். அந்தச் சத்தியத்தைப் பண்ணத்தான் இப்போது நிற்கிறாள். முன்னால் நாலைந்து கேன்கள். பின்னால் ஊர்.

மிதுனா அவள் தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினாள். பல் முளைக்கிற நேரம், கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். அவள் தலையில் முடி இன்னும் சரியாக மூடவில்லை, உச்சிக்குழி லேசாகத் துடிக்கிறது. அங்கேதான் கையை வைக்க வேண்டும். வைத்தால் என்ன? பொய் சொல்கிறவளுக்குத்தானே பயம். மேகலாவுக்கு என்ன பயம்? ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் குழி துடிப்பதை அவள் ஏன் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள்? எண்ணெய் தேய்க்கும்போது பார்த்தாள், பால் கொடுக்கும்போது பார்த்தாள். சீ, பைத்தியம் மாதிரி. இந்த மோகன்தான் காரணம். தறி ஓட்டப் போகிற மனுஷன் போகிற போக்கில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: "ஏ புள்ள, நெசமாலுமே ஊத்தலீதான? ஊத்தியிருந்தாச் சொல்லிரு. நான் போயி சம்பத்தண்ணங்கிட்டப் பேசி முடிச்சுக்கறேன். புள்ள தலையில போயி..." ஊரார் கேட்டதில் கூட இத்தனை வலிக்கவில்லை. கட்டினவன், தினமும் அவள் காய்ச்சிய பாலில் காபி குடிக்கிறவன், கேட்கிறான். கையிலிருந்த சாணிக் கூடையை அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். "ஊத்துனேன், உங்க காபியில. இனி வெறும் தண்ணிதான், போங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்? நம்பினானா, நம்பவில்லையா? இது ஒரு பேச்சாக வளரும். மிதுனா பள்ளிக்கூடம் போகும்போதும் இருக்கும். எந்த மிதுனா? அட, அந்தத் தண்ணிப் பால்காரி புள்ள. அப்படித்தான் இந்த ஊரில் பேர் ஒட்டும். ஒட்டினால் தோலோடுதான் உரியும்.

எல்லாவற்றையும் விட எரிச்சல் எங்கே என்றால், அந்த மெஷினைக் கேட்டவளே அவள்தான். போன வாரம் மொத்தச் சொசைட்டிப் பாலும் தரம் குறைவு என்று சில்லிங் சென்டரில் திருப்பி விட்டார்கள். ஊருக்கே கோபம். சம்பத்து லாக்டோமீட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கேனாக விட்டுப் பார்த்தார். மேகலாவின் பாலில் அது தொபுக்கென்று இறங்கியது. "டிகிரி எறங்குதே அம்முணி" என்றார். அவள் வீடு பக்கத்துத் தெரு, கறந்த சூட்டோடு கொண்டு வந்துவிடுவாள். சூடாக இருந்தால் பால் லேசாகிவிடும், அடர்த்தி குறையும், மீட்டர் இறங்கத்தான் செய்யும். அதைச் சொன்னாள். சொன்னதோடு விட்டிருக்கலாம். படித்த திமிர் விட்டதா? "சூடு, குளுரு எதுக்கும் மசியாத டெஸ்ட்டு ஒண்ணு இருக்குதுங்க. பால உறைய வெச்சுப் பாக்கற மெஷினு, சில்லிங் சென்டர்ல இருக்குமுங்க. அங்க அனுப்புங்க, என்ற பாலு எப்படின்னு தெரியும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அப்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பன்னிரண்டாவது வேதியியல் புத்தகம் மூடி இத்தனை வருஷம் கழித்து, மாட்டுச் சாணி நடுவில், ஒரு பாடம் வேலைக்கு ஆகிறது என்கிற சந்தோஷம். தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். அதில் உப்போ சர்க்கரையோ கரைந்திருந்தால் இன்னும் கீழே போய்த்தான் உறையும். எவ்வளவு கரைந்திருக்கிறதோ அவ்வளவு கீழே. பாலில் கரைந்திருக்கிற சர்க்கரையையும் உப்பையும் மாட்டின் ரத்தம் ஒரே அளவில் பிடித்து வைக்கும். புல் தின்றாலும் தவிடு தின்றாலும் பெரிதாக மாறாது. தண்ணி ஊற்றினால் மட்டும் மேலே ஏறும். அவளே சொன்னாள். அவளே கேட்டாள். நாக்கை வெட்டி நாய்க்குப் போட வேண்டும்.

அந்தப் பாடத்தை நடத்தவே ஆளில்லை. அரசு மேல்நிலைப் பள்ளி, வேதியியல் டீச்சர் போஸ்டிங் பாதி வருஷம் காலி. இயற்பியல் சார் வந்து புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவார், செய்தி வாசிக்கிற மாதிரி. கரைசல்கள். தொகைசார் பண்புகள். உறைநிலைத் தாழ்வு. ஒரு நாள் கூடப் படித்த ஜெரினாவும் அவளும் மீன் வண்டிக்காரரிடம் கெஞ்சி ஒரு பை ஐஸ் வாங்கி வந்து, ஆய்வகத்தில் உப்புக் கொட்டி வெப்பமானியைச் செருகினார்கள். ஜீரோவுக்குக் கீழே, இன்னும் கீழே, பாதரசம் குட்டி போட்ட பாம்பு மாதிரி அடியில் போய்ப் படுத்தது. ரெண்டு பேரும் கத்தினார்கள். ஒரு வாரம் ஆய்வகம் முழுக்க மீன் நாற்றம். "எவடி இங்க கருவாடு காயப் போட்டது?" என்று லேப் அக்கா தேடினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பு எங்கே போனது? இப்போது இதே உறைநிலை வந்து கழுத்தில் கை வைக்கிறது. புள்ளி அஞ்சு நாலில் உறைய வேண்டியதாம். அவள் பால் புள்ளி நாலு எட்டிலேயே உறைந்துவிட்டதாம். மைனஸ். ஒரு புள்ளி வித்தியாசம் கூட இல்லை, அதற்குள் ஒரு குடும்பத்தின் மானம்.

வரிசை நகர்ந்தது. முன்னால் நின்ற சென்னியப்பன் திரும்பினார். வெற்றிலை வாய், எப்போதும் ஒரு நக்கல் தொங்கும். "ஏனம்மிணி, இன்னிக்குக் கொண்டாந்திருக்கறது பாலா, மோரா? மோருன்னாச் சொல்லு, வெயிலுக்கு ரெண்டு டம்ளரு குடிச்சுட்டுப் போறேன்."

"குடிங்க மாமா. உங்க கேன்லயே குடிங்க. அதுலதான் மீனே நீந்துமாம், ஊருல பேசிக்கறாங்க."

பின்னால் ரெண்டு பேர் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார், ஆனால் முகம் சுருங்கிவிட்டது. நல்லது. சுருங்கட்டும். அவள் பின்னால் நின்ற ருக்குமணியக்கா மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல அவள் தோளைத் தொட்டாள். "சத்தியமெல்லாம் எதுக்குக் கண்ணு? பச்சப் புள்ள. வாய் தவறி ஒண்ணு வந்துரும். கால்ல விழுந்தா சம்பத்து உட்ருவாரு." "எதுக்குங்கக்கா கால்ல விழோணும்? ஊத்துனவ விழுவா." "நான் என்ன, ஊத்துனேன்னா சொன்னேன்?" என்றாள் அக்கா. சொல்லவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் மட்டும் சொல்கிறது. கால்ல விழு என்றால் என்ன அர்த்தம்? செய்திருக்கிறாய் என்றுதானே. அன்பாகச் சொன்னால் மட்டும் அது வேறே ஆகிவிடுமா? அன்பாகச் சொல்கிறவர்களிடம் திருப்பிக் கத்தவும் முடியாது. அதுதான் பெரிய எரிச்சல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆமாம், அதைத்தான் செய்ய வேண்டும். சத்தியம் பண்ணுவதற்கு முன்னால் அந்த மெஷின் என்ன சொல்கிறது என்று அவளே ஒரு கணக்குப் போட்டு, சம்பத்து முகத்துக்கு நேரே கேட்க வேண்டும்: உங்க மெஷின் கணக்குப்படி நான் எத்தனை குடம் ஊத்தினேன்? எங்க வீட்டுக் கிணற்றையே ஊத்தினேனா? கணக்கு கன்னாபின்னா என்று வரும், மெஷின் பொய் என்று தெரிந்துவிடும். உறைநிலைத் தாழ்வு என்றால் மாறிலி பெருக்கல் மோலாலிட்டி. மோலாலிட்டியா, மோலாரிட்டியா? இந்த ரெண்டும் ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி, எப்போதும் பேர் மாறிப்போகும். ஒன்று கரைசல் லிட்டருக்கு, ஒன்று கரைப்பான் கிலோவுக்கு. இங்கே கிலோதான், உறைநிலைக்குக் கிலோ. தண்ணிக்கு மாறிலி ஒன்று புள்ளி எட்டு ஆறு. இது மறக்கவே மறக்காது, பிரசவ வார்டில் இதைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தாள். வலி வரும்போதெல்லாம் தலைக்கு மேலே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தாள், அது குளுக்கோஸே இல்லை, உப்புத் தண்ணி, நூறு மில்லிக்குப் புள்ளி ஒன்பது கிராம் என்று எழுதியிருந்தது. லிட்டருக்கு ஒன்பது கிராம், ஐம்பத்தெட்டரையால் வகு, உப்பு ரெண்டாகப் பிரியும், அதனால் ரெண்டால் பெருக்கு, ஒன்று புள்ளி எட்டு ஆறால் பெருக்கு... புள்ளி ஐந்து ஏழு வந்தபோது மறுபடியும் வலி வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. "என்னம்மா முணுமுணுக்கறே, சாமி பேரா?" என்றாள் நர்ஸ். "ஆமாங்க, வாண்ட் ஹாஃப் சாமி" என்றாள். ரெண்டால் பெருக்கச் சொன்ன விஞ்ஞானி அவர், நர்ஸுக்குப் புரியவில்லை. அவ்வளவு வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரத்தம், அந்தப் பாட்டில், பால், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் உறையும். அதனால்தானே ஒன்றுக்குள் ஒன்றை ஏற்ற முடிகிறது. இவள் மாரில் ஊறுகிற பாலும் அங்கேதான் உறையும். இதில் யாராவது தண்ணி கலந்தேன் என்று சொல்வார்களா? சொல்லிப் பார்க்கட்டும்.

கணக்கு. கணக்கை விடாதே. நல்ல பால் புள்ளி ஐந்து நாலு, வகுத்தல் ஒன்று புள்ளி எட்டு ஆறு. அவள் பால் புள்ளி நாலு எட்டு, வகுத்தல் அதே ஒன்று புள்ளி எட்டு ஆறு. ரெண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அந்த மாறிலி மேலேயும் கீழேயும் அடிபட்டுப் போய்விடும். அட, இவ்வளவுதானா! நாற்பத்தெட்டுக்கும் ஐம்பத்துநாலுக்கும் உள்ள விகிதம். ஆறால் அடி. எட்டு, ஒன்பது. எட்டு பங்கு பால், மொத்தம் ஒன்பது பங்கு. அப்படியென்றால் ஒன்பதில் ஒரு பங்கு தண்ணி என்கிறது மெஷின். அன்றைக்கு அவள் ஊற்றினது ஒன்பது லிட்டர், கார்டில் எழுதியிருக்கிறது. ஒன்பது லிட்டரில் ஒரு லிட்டர். குடமும் இல்லை, கிணறும் இல்லை. ஒரே ஒரு லிட்டர். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கன்னாபின்னா என்று வரும் என்று பார்த்தாள், இது இவ்வளவு ஒழுங்காக வந்து உட்காருகிறதே. ஒரு லிட்டருக்காகவா ஒருத்தி பேரைக் கெடுத்துக்கொள்வாள்? திருடுகிறவள் ஒரு லிட்டரா திருடுவாள்?

பாட்டில்! ஏன் இத்தனை நேரம் தோன்றவில்லை? சாம்பிள் எடுத்த பாட்டில் எத்தனை பெரிது, உள்ளங்கைக்குள் அடங்குகிற பாட்டில். அதைக் கழுவிவிட்டு ஒழுங்காகக் கவிழ்த்து வடிக்காமல் பாலை ஊற்றியிருந்தால்? அந்தச் சின்ன பாட்டிலின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணி நின்றாலே போதும், ஒன்பதில் ஒரு பங்கு ஆகிவிடும். ஆகிவிடும்! விகிதம்தானே, கேனில் ஒரு லிட்டராக இருந்தாலும் பாட்டிலில் ஒரு ஸ்பூனாக இருந்தாலும் மெஷினுக்கு ஒன்றுதான். அவளுக்கு உடம்பு முழுக்க ரத்தம் ஏறியது. இந்தச் சம்பத்து! தான் பாட்டிலை அலசத் தெரியாமல் அலசிவிட்டு, ஊரைக் கூட்டி வைத்து, உன்ற பாலுலதான்! இருங்க, வர்றேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆய்வகத்தில் கரைசல் அளந்து விடுகிற பியூரெட்டைத் தண்ணியால் கழுவிவிட்டு அப்படியே விடக்கூடாது, எந்தக் கரைசலை ஊற்றப் போகிறோமோ அதையே கொஞ்சம் ஊற்றி அலசிக் கீழே கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கிற தண்ணி கரைசலை நீர்க்கச் செய்துவிடும். செய்முறைத் தேர்வில் அதை மறந்துதான் ஜெரினாவுக்கு மார்க் போனது. படிக்காதவர்களெல்லாம் சாம்பிள் எடுக்க வந்தால் இப்படித்தான். கேட்கப்போகிறாள். எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்கப்போகிறாள்: அன்றைக்குப் பாட்டிலை எப்படி அலசினீங்க, சொல்லுங்க. அலசிட்டு...

அலசிவிட்டுக் கொட்டினார். அவளுக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வரக்கூடாது என்று நினைக்கும்போதே முழுசாக வந்துவிட்டது. சம்பத்து கவரைப் பிரித்துப் புதுப் பாட்டிலை எடுத்தார். அவள் கேனிலிருந்தே கொஞ்சம் பால் மொண்டார், பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினார், வாசலில் கொட்டினார். ரெண்டு தடவை. அப்புறம்தான் நிரப்பினார். அன்றைக்கு அவள் மனசுக்குள் திட்டினது இப்போதும் நாக்கு நுனியில் இருக்கிறது: பாழாப் போன மனுஷன், நல்ல பாலை மண்ணுல கொட்றான் பாரு, நானா இருந்தா ஒரு சொட்டுக்கூட வீணாக்க மாட்டேன். ஒரு சொட்டுக்கூட. கறந்து முடித்ததும் ரெண்டு வாளியிலும் சுற்றிலும் நுரை ஒட்டியிருக்கும். வெள்ளையாக, கெட்டியாக. அதை அப்படியே கழுவி ஊற்ற யாருக்கு மனசு வரும்? சொம்பு நிறையத் தண்ணி எடுத்து ஒரு வாளியில் ஊற்றுவாள், கையால் சுற்றிச் சுற்றி நுரையை வழிப்பாள், அதை அடுத்த வாளிக்கு மாற்றுவாள், அதையும் வழிப்பாள், இரண்டு வாளிச் சாரமும் இறங்கி அது பால் மாதிரியே வெள்ளையாகிவிடும், பிறகு வடிகட்டி வழியாகக் கேனில். தினமும். கை தானாகச் செய்யும், மிதுனா அழுகிறாளா என்று காது கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு சொம்பு. அந்தச் சொம்பு எவ்வளவு பிடிக்கும்?

ஒரு லிட்டர்.

இல்லை. அது தண்ணி இல்லை. அது கழுவின பால். யாராவது அதைத் தண்ணி என்பார்களா? கூம்புக் குடுவையில் தண்ணி ஊற்றி அலசினால் பரவாயில்லை என்றுதானே படித்தாள், உள்ளே இருக்கிற பொருள் குறையவில்லையே, ஓரத்தில் ஒட்டினதையும் சேர்த்து உள்ளே தள்ளினால் சரிதானே. குடுவைக்குச் சரி. அங்கே எத்தனை இருக்கிறது என்பதுதான் கணக்கு. பியூரெட்டுக்குச் சரியில்லை, அங்கே எத்தனை கெட்டியாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. சொசைட்டிக் கேன் குடுவை இல்லை. பியூரெட்டு. இது அவளுக்குத் தெரியும். பதினேழு வயசிலேயே தெரியும், பரீட்சைக்கு எழுதியிருக்கிறாள். ஜெரினாவுக்கு மார்க் போனதற்குக் கேலி பண்ணியிருக்கிறாள். அப்புறம் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்து தினம் காலையில் அதையே செய்திருக்கிறாள். ஐயோ. யார் மேல் இந்தக் கோபத்தைப் போடுவது? சம்பத்து மேல் போட்டது திரும்பி வருகிறது, மோகன் மேல் போட்டதும். மெஷின் மேல் போடலாம் என்றால் அது குளிர்ந்த முகத்தோடு நாற்பத்தெட்டு என்கிறது, அதற்கு வெட்கமும் இல்லை விரோதமும் இல்லை. அவள் நெஞ்சுக்குள் அது இடம் தேடிச் சுற்றியது, கட்டுத்தறியைச் சுற்றுகிற மாடு மாதிரி, கயிறு குறையக் குறைய வேகமாக.

ஆனால் நான் கலக்கவில்லை. கலப்பது என்றால் வேறே. குழாயடியில் கேனை வைத்துத் திறந்து விடுவதுதான் கலப்பது. அலசுவது அலசுவது. நேற்று என்ன சொன்னாள், ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலீன்னு. இன்றைக்கு வார்த்தையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். 'தண்ணி கலந்து ஏமாத்தலீங்க.' அது நிஜம். அதைச் சொல்லிக் கையை வைக்கலாம். யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். மிதுனாவின் தலைக்குத் தெரியுமா? சாமிக்குத் தெரியுமோ என்னவோ, அதில் அவளுக்குப் பாதி நம்பிக்கைதான். ஆனால் இந்தக் குழி துடிக்கிறதே. இதன் மேல் வார்த்தையை மாற்றி வைப்பதா? கையை வைத்துவிட்டு நாளைக்கு இந்தக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால், ஒரு சாதாரணச் சளிக் காய்ச்சல், ராத்திரி முழுக்க எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்?

சென்னியப்பன் தன் கேனைத் தூக்கி அளக்கிற பாத்திரத்தில் சாய்த்தார். கடைசியில் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியை ரெண்டு தட்டு. கேனின் வெளியே கழுத்தில் ஒரு கோடு, நீர்த்த வெள்ளையில், காய்ந்தும் காயாமலும். அவளுக்கு அந்தக் கோடு தெரியும். வாளி கழுவின தண்ணியைக் கேனில் சாய்க்கும்போது கழுத்தில் வழிகிற கோடு. கெட்டிப் பால் அப்படி வழியாது. அவள் திரும்பி ருக்குமணியக்காவின் கேனைப் பார்த்தாள். கோடு. அதற்குப் பின்னால். கோடு. எல்லா வீட்டிலும் வாளி உண்டு. எல்லா வாளியிலும் நுரை ஒட்டும். இந்த ஊரில் எந்தப் பொம்பளை அதை மண்ணில் கொட்டுவாள்? அதனால்தான் மொத்தச் சொசைட்டிப் பாலும் திரும்பி வந்தது. திருடன் என்று ஒருத்தனும் இல்லை. வீட்டுக்கு ஒரு சொம்பு. அவ்வளவுதான். அத்தனை சொம்பையும் சேர்த்து அவள் தலையில் ஊற்றிவிட்டார்கள். ஏன்? அவள் வீடு பக்கத்தில் இருப்பதால், பால் சூடாக இருந்ததால், வாயை மூடிக்கொண்டு நிற்காமல் டெஸ்ட் கேட்டதால். இப்போது கோபத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. சின்ன இடமில்லை, வரிசை நீளத்துக்கு. ஆனால் அந்த வரிசையில் முதல் ஆளாக அவளும் நிற்கிறாள், அதையும் கழிக்க முடியாது. எல்லாருக்கும் பொதுவான எதையும் அடித்துவிடலாம் என்று கணக்கில் இருக்கிறது. இங்கே அடிக்க முடியவில்லை.

"வா அம்முணி" என்றார் சம்பத்து. அளக்கிற பாத்திரத்தை ஒதுக்கி வைத்தார். வரிசை பின்னாலிருந்து நெருங்கி ஒரு வட்டமாக ஆனது. மோகனும் வந்திருந்தான், தறியை நிறுத்திவிட்டு, பனியனில் பஞ்சோடு, சுவர் ஓரமாக. "ம். புள்ளைய இந்தப் பக்கம் திருப்பிக்க. எல்லாரும் பாக்கட்டும். கைய வை."

மேகலா கையைத் தூக்கினாள். மிதுனா அதை விளையாட்டு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டு கெக்கலித்தாள். பிறகு நிமிர்ந்து, இன்னும் கை வரவில்லையே என்று பார்த்தாள். மேகலா கையை இறக்கிக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணலீங்க."

"அப்படி வா வழிக்கு" என்றார் சென்னியப்பன்.

"வழிக்கு வர்லீங்க மாமா. இருங்க. வாளி கழுவுன தண்ணிய நான் கேன்ல ஊத்தறேன். தெனமும் ஒரு சொம்பு. ஒம்பதுல ஒரு பங்கு. மெஷினு சரியாத்தான் சொல்லியிருக்குது."

ருக்குமணியக்காதான் முதலில் வாயைத் திறந்தாள், நிஜமான ஆச்சரியத்தோடு: "கழுவுன தண்ணியெல்லாம் ஒரு தண்ணியா கண்ணு?"

"அதத்தான் நானும் இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தனுங்கக்கா."

சம்பத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஊத்துனேன்னு நீயே சொல்றே. அப்பறம் நான் என்ன பண்றது? கார்டு..."

"இந்தாங்க." ஜாக்கெட்டுக்குள்ளிருந்து கார்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள், வைத்தது அறைந்த மாதிரி சத்தம் வந்தது. "எடுத்துக்குங்க. நான் பேசுன பேச்சு, நானே தர்றேன். ஆனா நேத்து எனக்குச் சொன்ன அதே சட்டத்த எல்லாருக்கும் சொல்லுங்க. இனி இங்க ஊத்தறவிய ஒவ்வொருத்தரும் அவிய அவிய வீட்டுப் புள்ளைக தலையில கைய வெச்சு, வாளி கழுவுன தண்ணி ஊத்தலீன்னு சொல்லிப்போட்டு ஊத்தட்டும். சென்னியப்ப மாமா ஊத்திட்டாரு, பரவால்ல. அவுரு பேரன் வூட்ல இருக்கறான், கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

சென்னியப்பன் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். மேகலா குழந்தையை மோகன் கையில் திணித்தாள். அவன் பனியன் பஞ்சைத் தட்டிவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டான். ரெண்டு கையாலும் கேனைத் தூக்கினாள். அதில் இன்றைக்கும் அந்த ஒரு சொம்பு இருக்கிறது. இதை வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவாள், தயிர் தண்ணியாகத்தான் வரும், வரட்டும், தாங்களே தின்றுகொள்ளலாம். நாளைக்கு எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. காது ரெண்டும் எரிந்தன. கூட்டம் அவளுக்கு வழி விட்டது, விட்ட வழியில் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள், இவர்கள் முன்னால் அழுவதற்கு மண்ணைத் தின்னலாம்.

பின்னால் சம்பத்து தொண்டையைச் செருமினார். "செரி, செரி, நேரமாவுது. வண்டி வந்துரும். அடுத்து யாரு?"

யாரும் வரவில்லை போலிருந்தது. அவர் மறுபடி கூப்பிட்டார், இந்தத் தடவை பேர் சொல்லி.

"ருக்குமணி, நீதான? வா, ஊத்து."

ருக்குமணியக்காவின் கேன் தரையில் ஒரு அடி பின்னுக்கு உரசுகிற சத்தம் கேட்டது.